அம்சாவின் சோத்தாங்கை

கோடையில் ஏரி வற்றிவிட்டால் எங்கள் ஊருக்கு நடுவில் ஒரு பெரிய மைதானம் கிடைத்துவிடும். திண்டிவனத்திலிருந்து வானூர் போகிற ரோட்டில் பஸ்ஸில் வந்தால் இடது பக்கம் தெரியும். கரையோரமாக நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் மண் வெட்டிக்கொண்டிருப்பார்கள். போன வைகாசியில் அவர்களுக்கு வேடிக்கை பார்க்க ஒன்று கிடைத்தது. என் பெரியம்மா அம்சா, சும்மாட்டுத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏரி நடுவில் போய் நிற்பாள். வளைந்த ஒரு பலகையைக் காற்றில் எறிவாள். அது கொஞ்ச தூரம் படபடவென்று போய், தலைகுப்புறக் கவிழ்ந்து, மண்ணில் குத்திக்கொள்ளும். போய் எடுத்து வருவாள். மறுபடியும் எறிவாள்.

"இன்னாடி அம்சா, எவன் கொல்லியில காக்கா ஓட்டுற?" என்பாள் செண்பகம்.

செண்பகம் பெரியம்மாவோடு நாற்று நட்டு, களை பறித்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஆய்ந்து, கூடவே வயசானவள். அப்படிக் கேட்க அவளுக்கு மட்டும்தான் உரிமை. மற்றவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் பலகையைச் செய்தது பெரியம்மாவின் செத்துப்போன மகன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஐம்பது வயசு தாண்டிய ஒருத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டை எறிந்தால் சிரிப்பு வராமல் இருக்குமா? அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கே ஒருநாள் வந்தது.

"சிரிங்கடி, சிரிங்க. ஒருநாளைக்கு அதுவா திரும்பி வரும், அப்ப பாருங்க" என்பாள் பெரியம்மா.

"வரும் வரும். கோணக்கட்டைக்குக் காலு மொளைக்கட்டும்."

அதற்குப் பெயர் பூமராங் என்று நான் பலமுறை சொன்னேன். அந்தப் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. கோணக்கட்டை என்பதே நின்றுவிட்டது.

புகழேந்தி அண்ணன் பெரியம்மாவுக்கு ஒரே பிள்ளை. எங்கள் தெருவில் முதல் பட்டதாரி அவன்தான். பெரியம்மா பிறந்தது விழுப்புரத்தை ஒட்டின காணைப் பக்கம். கட்டிக்கொண்டு வந்த நாலைந்து வருஷத்தில் பெரியப்பா சின்னதுரை கிணறு வெட்டப் போன இடத்தில் கயிறு அறுந்து செத்துப்போனார். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. ஊர்க்காரர்களின் கழனியில் வேலை செய்துதான் பெரியம்மா பிள்ளையை வளர்த்தாள். அவனைப் படிக்க வைத்தாள் என்று சொன்னால் சரியாக இருக்காது. அடித்து உட்கார வைத்தாள். சாயங்காலம் களை வெட்டிவிட்டு வந்ததும் வராததுமாக அவன் எதிரில் குந்திக்கொள்வாளாம். எழுத்தே தெரியாது. ஆனால் அவன் நோட்டில் எழுதுவது அழகாக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். கோணலாக இருந்தால் முதுகில் ஒன்று விழும். அண்ணனுடைய கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அவன் எழுதிக்கொடுத்த மனுவைப் படித்துவிட்டு தாலுகா ஆபீசில் "யாருப்பா எழுதுனது" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் படித்ததைப் பார்த்துத்தான் என் அம்மா என்னையும் விழுப்புரம் கல்லூரிக்கு அனுப்பினாள். இன்று நான் பி.ஏ. ஆங்கிலம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறேன் என்றால், அதில் பெரியம்மாவின் அடிக்கும் ஒரு பங்கு உண்டு.

அண்ணன் மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியா போனான். படித்து முடித்து அடிலெய்டு பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். தனியாக இருந்தவனுக்கு எப்படியோ ஒரு பூமராங் குழுவின் சேர்க்கை கிடைத்தது. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், குழாய் வேலை செய்பவர் ஒருவர், நர்ஸ் ஒருவர், இப்படிப் பத்துப் பதினைந்து பேர். யாராவது ஒருவருடைய கார் ஷெட்டில் கூடி ப்ளைவுட் வெட்டுவார்கள். அரத்தால் ஓரத்தைச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடிப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் சேர்ந்து, அவரவர் செய்ததை அவரவர் எறிந்து பார்ப்பார்கள். எறிவதற்கு முன்பு அந்த மண்ணின் பூர்வகுடிகளை நினைத்து ஒருவர் நாலு வார்த்தை சொல்வாராம். இது அவர்களுடைய பொருள், நாம் பிற்பாடு வந்து கற்றுக்கொண்டவர்கள் என்று. இதைப் போனில் சொன்னபோது அண்ணன் சிரித்தான். "நம்ம ஊர்ல எவனாவது இது இன்னாருதுன்னு ஒத்துக்கினு ஒரு வேலைய ஆரம்பிச்சிருக்கானா, சொல்லு" என்றான்.

பெரியம்மாவிடமும் சொல்லியிருக்கிறான். எறிந்தால் எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் என்று. அவள் கேட்டாளாம், அந்தக் கட்டைக்கு இருக்கிற புத்தி உனக்கு எப்போது வரும், எப்போது ஊருக்கு வருவாய் என்று. வருகிறேன் வருகிறேன் என்றான். தான் செய்த பூமராங்குகளைப் படமெடுத்து அனுப்புவான். எறிகிறதை வீடியோ எடுத்து அனுப்புடா என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இன்றைக்குக் காற்று சரியில்லை என்பான். ஒன்றுகூட அனுப்பவில்லை.

மாசி மாதம் வேலை முடிந்து விடியற்காலையில் வரும்போது அவன் கார் மரத்தில் மோதிவிட்டது. பெட்டி வந்து சேர நாளாயிற்று. திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியோடு அப்படியே அடக்கம் செய்தோம். பெரியம்மா மகன் முகத்தைப் பார்க்கவில்லை. பால் ஊற்றும்போதுகூடப் பெட்டி மூடியின் மேல்தான் ஊற்றினாள்.

அவனுடைய சாமான்கள் ஒரு சூட்கேஸில் வந்தன. சட்டைகளுக்கு நடுவில் டவலில் சுற்றி ஒரு பூமராங் இருந்தது. தேன் நிறம். ஒரு பக்கம் லேசாக உப்பியும் மறுபக்கம் தட்டையாகவும் இருந்தது. தட்டைப் பக்கத்தில் அவனுடைய அச்சு எழுத்தில் "அம்மா" என்று எழுதி, அதன்மேல் வார்னிஷ் அடித்திருந்தது.

அந்தக் குழுவின் டீச்சரம்மா மார்கரெட் என்னிடம் வாட்ஸ்அப்பில் பேசினார். குழுவில் யாராவது இறந்துபோனால், அவர் செய்த பூமராங்குகளை மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்து, ஒருவர் பின் ஒருவராக எறிவது அவர்கள் வழக்கமாம். ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் சொன்னார். அவன் அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் அதே நேரத்தில் அங்கிருந்து எறியட்டும், நாங்கள் போனில் பார்க்கிறோம் என்றார். பெரியம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"மூஞ்சிய பாக்கல. ஒரு வாய் சோறு ஊட்டல. இத்தையாவது நான் ஒழுங்கா செய்யணும்டா. அவங்க எதிர்ல மண்ணுல குத்திக்கினு நின்னா அவனுக்குத்தான அசிங்கம்" என்றாள்.

அதற்காகத்தான் ஏரிக்கு வந்தாள். வேலைக்கு வந்த இடத்தில் மற்றவர்கள் வெற்றிலை போடுகிற நேரம் அவளுக்கு எறிகிற நேரம்.

எப்படி எறிவது என்று நான்தான் யூடியூபில் பார்த்துச் சொல்லிக்கொடுத்தேன். நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். உப்பின பக்கம் நம் காதுப் பக்கம் இருக்க வேண்டும். காற்று வருகிற திசைக்குக் கொஞ்சம் ஒதுங்கினாற்போல எறிய வேண்டும். சொன்னதை அப்படியே செய்தாள். அருவாள் பிடித்த கை, மண்வெட்டி பிடித்த கை, பலத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது போகும், சாயும், குத்தும். ஒருதடவைகூட வளைந்து திரும்பவில்லை. வீடியோவில் எல்லோருக்கும் இடது பக்கமாக வட்டம் போட்டு வருகிற பொருள், இவளுக்கு மட்டும் வீம்பு பிடித்த கன்றுக்குட்டி மாதிரி கீழே பாய்ந்தது.

"அவனும் இப்புடித்தான், சொன்ன பேச்சே கேக்கமாட்டான்" என்று பெரியம்மா பலகையைத் துடைத்துக்கொள்வாள்.

நாள் நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சாப்பாடு குறைந்தது. தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் நானே மார்கரெட்டம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவர் வீடியோ காலில் வந்து பார்க்கிறேன் என்றார்.

அன்று வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நரைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு முகம் திரையில் சிரித்தது. பெரியம்மா கும்பிட்டாள். செண்பகமும் மற்றவர்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். வெள்ளைக்காரியின் காதில் தோடு இல்லை என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி அவளை இடித்தாள்.

பெரியம்மா எறிந்தாள். வழக்கம்போலக் குத்தியது.

மார்கரெட்டம்மா இன்னொரு முறை எறியச் சொன்னார். பிறகு பலகையைக் கேமராவுக்குக் கிட்டே காட்டச் சொன்னார். திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவர் தலையில் தட்டிக்கொண்டார். இது இடது கைக்காரருக்குச் செய்தது. இதன் ஓரங்களைச் சீவியிருக்கிற விதமே வேறு. வலது கையால் எறிந்தால் ஆயுசுக்கும் திரும்பி வராது. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்குப் புரியவில்லை. அண்ணன் வலது கைக்காரன்தானே என்று கேட்டேன். எழுதுவான் வலது கையில், ஆனால் எறிவது இடது கையில்தான், எங்கள் குழுவிலேயே இடது கை அவன் ஒருவன்தான் என்றார் அவர். பூங்காவில் எல்லோருடையதும் இந்தப் பக்கம் வட்டம் போடும், புகழுடையது மட்டும் அந்தப் பக்கம் வட்டம் போடும், தூரத்திலிருந்தே அவன் வந்துவிட்டான் என்று கண்டுபிடித்துவிடுவோம் என்றார்.

நான் பெரியம்மாவுக்குச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் வலது கை என்றும் இடது கை என்றும் யாரும் சொல்வதில்லை. சோற்றைத் தொடுகிற கை சோத்தாங்கை. மற்றது பீச்சாங்கை. எதற்கு எந்தக் கை என்பது பெயரிலேயே இருக்கிறது.

"பீச்சாங்கையாலயா எறிவான்?" என்றாள் பெரியம்மா. குரல் மெல்லியதாக இருந்தது. "அதுக்கு ஏன் எனக்கு அந்தக் கைக்குச் செஞ்சான்? கேளு. நான் சோத்தாங்கைதான."

கேட்டேன். மார்கரெட்டம்மாவுக்கு ஏதோ ஞாபகம் வந்து முகம் மலர்ந்துவிட்டது. அதையேதான் நாங்களும் கேட்டோம் என்றார். அம்மாவும் என்னைப்போலத்தான், அவங்களுக்கே தெரியாது என்று சொல்வானாம். எப்படித் தெரியும் உனக்கு என்றால், எல்லா வேலையும் வலது கையில்தான் செய்வாங்க, ஆனா கோபம் வந்து என்னை அடிக்கும்போது மட்டும் அடி எப்பவும் இடது கையிலிருந்து வரும், அதுதான் அவங்க நிஜமான கை என்பானாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பானாம். ஷெட்டில் எல்லோருக்கும் பிடித்த கதை அது என்றார்.

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் பெரியம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லவில்லை.

"இன்னா சொல்லுது? சிரிக்குதே. சொல்லுடா."

"ஒண்ணுமில்ல பெரிம்மா, அண்ணன் தமாஷா ஏதோ…"

"என் புள்ளையப் பத்திதான. சொல்லு."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

பின்னாலிருந்து செண்பகம் தன் போக்கில், யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "ஆமாண்டி. நீ கை ஓங்கினா இந்தப் பக்கந்தான் ஓங்குவ. நான் எத்தினி தடவ குறுக்க வந்து புடிச்சிருக்கேன்."

பிறகுதான் அந்த அடி எதற்கு என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. செண்பகம்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னாள்.

அண்ணன் பிறவியில் பீச்சாங்கைக்காரன். ஆடி மாதத்தில் ஊர்க் கோயிலில் கூழ் ஊற்றும்போது, மூன்று நாலு வயசுப் பிள்ளை எல்லோரோடும் சேர்ந்து குவளையை இடது கையில் நீட்டியிருக்கிறான். ஊற்றிக்கொண்டிருந்தவர் அகப்பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இதுங்களுக்கு எந்தக் கையில வாங்கணும்னுகூடத் தெரியாது என்றார். 'இதுங்க' என்றது ஒரு பிள்ளையை இல்லை, ஒரு தெருவை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூழ் வாங்காமலே வந்துவிட்டாள். செண்பகத்திடம் அப்போது சொன்னாளாம்: "நம்மளப் பாக்கறவன் பார்வையே ஒரு மாதிரி. இவன் நாளைக்குப் பெரிய படிப்பு படிச்சிட்டு எவன் எதிர்லயாவது பீச்சாங்கைய நீட்டினான்னு வையி, படிப்பப் பேசமாட்டானுங்க, கையத்தான் பேசுவானுங்க."

மறுநாளிலிருந்து சாப்பிடும்போதும் எழுதும்போதும் பழைய புடவைக் கிழிசலால் அவன் இடது கையை அரைஞாணோடு சேர்த்துக் கட்டினாள். அவிழ்த்துவிட்ட நேரத்தில் அந்தக் கை எதையாவது எடுத்தால் அடி. இப்படியே ஒரு வருஷம் போனது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிள்ளை சோத்தாங்கையில் அ, ஆ எழுதினான். பெரியம்மாவின் வாழ்க்கையில் அவள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்த காரியங்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

அந்த அடியெல்லாம் எந்தக் கையிலிருந்து விழுந்தது என்பதுதான் இப்போது தெரிந்தது. காணையில் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்கும் யாரோ இதையே செய்திருக்க வேண்டும். அவளுக்கு ஞாபகமில்லை. அவளைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, கேட்கவும் ஆளில்லை. அவள் உடம்பு மறந்துவிட்ட ஒன்று, அவள் புத்தி தப்பின நேரத்தில் மட்டும் வெளியே வந்திருக்கிறது. அதைப் பார்த்தது ஒரே ஒரு ஆள். அடி வாங்கிக்கொண்டிருந்தவன்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் பெரியம்மா வேலைக்குப் போகவில்லை. நான் போனபோது நடையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சோத்தாங்கையால் மட்டும் உரித்தாள். விரலால் நசுக்கி, அதே கையால் பருப்பைத் தள்ளி. பீச்சாங்கை மடியில் முந்தானைக்குக் கீழே இருந்தது. உடம்பு சரியில்லை, எறிய முடியவில்லை என்று மார்கரெட்டம்மாவுக்குச் சொல்லிவிடட்டுமா என்றேன். தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிறாளா, சரி என்கிறாளா என்று தெரியவில்லை.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல அவன்?" என்றாள். "போன்ல எம்மா நேரம் பேசுவான். இன்னா சாப்ட, இன்னா கொழம்பு, எல்லாம் கேப்பான். இத்த சொல்லலையே."

"சொன்னா நீ வருத்தப்படுவன்னு…"

"இல்லடா. சொன்னா நான் திட்டுவேன்னு." ஒரு மல்லாட்டையை உரித்து முடித்தாள். "திட்டித்தான் இருப்பேன்."

வீடியோ ஒன்றுகூட ஏன் வரவில்லை என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால், பெற்றவள் கண்ணுக்கு எட்டாத ஒரு பூங்காவில்தான் அவன் அந்தக் கையை அவிழ்த்துவிட்டிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நூறு நாள் வேலை கிடையாது. ஆனாலும் செண்பகமும் இன்னும் நாலைந்து பேரும் ஏரிக்கு வந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை ஒன்று கட்டிக்கொண்டு வந்தாள். பூமராங்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

போனில் அங்கே மழைக்காலத்து மேகம். பச்சைப் புல். கம்பளிச் சட்டை போட்ட மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் ஒருவர் அந்த மண்ணின் ஆதி மக்களுக்கு வணக்கம் சொன்னார். பிறகு அண்ணனின் பெயரைச் சொன்னார். புகழேந்தி என்பதை உடைக்காமல் முழுசாகச் சொன்னார். பழகியிருக்க வேண்டும். ஒவ்வொருவராக எறிந்தார்கள். அவன் செய்ததெல்லாம் அந்தக் கைக்கானது. அவர்களும் பழக்கமில்லாத இடது கையால்தான் எறிந்தார்கள். சிலது திரும்பியது, சிலது தூரத்தில் விழுந்தது. விழுந்தால் ஒன்றும் அவமானமில்லை போலிருந்தது. தோளைத் தட்டிக்கொண்டு போய் எடுத்து வந்தார்கள்.

மார்கரெட்டம்மா இப்போது அம்மா என்றார்.

பெரியம்மா நகரவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் சொல்றத அப்புடியே சொல்லு. முன்ன மாதிரி முழுங்காத."

"சொல்லு பெரிம்மா."

"அந்தக் கையக் கட்டிப்போட்டவ நான்தான்னு சொல்லு. அவன் தமாஷா சொன்னது தமாஷ் இல்லன்னு சொல்லு. அந்தக் கைல எத்த எடுத்தாலும் அடிப்பேன். சோறு எடுத்தாலும் அடிப்பேன். பாதிக் கதைய சொல்லி உங்கள சிரிக்க வச்சிருக்கான். மீதிய நான் சொல்றேன்னு சொல்லு."

சொன்னேன். ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவன் அந்த நாலு வரிக்கு வார்த்தை தேடினேன். வயசான ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மார்கரெட்டம்மா, அவன் எங்களிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. உங்கள்மேல் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. விருப்பமிருந்தால் எறியுங்கள், இல்லாவிட்டாலும் சரி, நாங்கள் நிற்கிறோம் என்றார். திரும்பி வருவதைப் பிடிக்கும்போது இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அப்பளம் அமுக்குகிற மாதிரி பிடிக்க வேண்டும் என்று கையைத் தட்டிக் காட்டினார். அவர் சாண்ட்விச் என்றார், அப்பளம் என்றது நான்.

பெரியம்மா பூமராங்கைப் பீச்சாங்கைக்கு மாற்றினாள்.

அந்தக் கையால் அவள் ஒரு பொருளை ஓங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. கால் தானாக மாறி நின்றது. தோள் தானாகப் பின்னால் போனது. இத்தனை நாள் வலது கையில் இருந்த வெட்டு வெட்டென்ற முரட்டுத்தனம் இதில் இல்லை. எறிந்தாள்.

அது உஸ்ஸென்று போனது. கரைக்கு மேலே ஏறி, கருவேல மரங்களுக்கு முன்னால் சாய்ந்து, வலது பக்கமாக வளைந்தது. செண்பகம் "ஏ அம்சா" என்றாள். வட்டத்தை முடித்துக்கொண்டு, வேகம் குறைந்து, தட்டையாக மிதந்து, நேராகப் பெரியம்மாவைப் பார்த்து இறங்கியது. போனுக்குள் எல்லோரும் கத்தினார்கள். இரண்டு கை, இரண்டு கை என்று நானும் கத்தினேன்.

பெரியம்மா சோத்தாங்கையை மட்டும் நீட்டினாள். பிரசாதம் வாங்குகிற மாதிரி, உள்ளங்கையைக் குழித்து. பீச்சாங்கை, எறிந்த கை, அதுவாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. சுழன்று வந்த பலகை விரல்களில் பட்டு, தெறித்து, காலடியில் விழுந்தது.

அங்கே கைதட்டினார்கள். மார்கரெட்டம்மா அழுதுகொண்டே சிரித்தார். வந்துவிட்டது, அவ்வளவு போதும், முதல் தடவையிலேயே யாருக்கும் வராது என்றார். இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர்களைப் பார்த்துக் கும்பிட்டாள். மோதிர விரல் அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது. போனை நிறுத்தச் சொன்னாள்.

வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறிப் போனார்கள். பெரியம்மா காய்ந்து வெடித்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். செண்பகம் பக்கத்தில் குந்தி, அவள் விரலைப் பிடித்து நீவிவிட்டாள்.

"வலிக்குதா?"

பெரியம்மா ஏரியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சோறு போட்டு வச்சிட்டு துணிய எடுத்துக்கினு வருவேன். கையக் குடுன்னு நான் கேக்கவே மாட்டேன் செண்பகம். அவனே அந்தக் கைய நீட்டுவான். கட்டுன்னு நீட்டுவான்."

செண்பகம் விரலை நீவிக்கொண்டே இருந்தாள்.